ஓட்டைக் கணக்கு

ஓட்டைக்கு ஒரு ரூபாய் என்று பேச்சு.
தார், சாக்குத் துணி, ஏணி, எல்லாம் என் பொறுப்பு.
டவுங்கூவின் பழைய விமானக் கொட்டகை
இப்போது கூட்டுறவு நெல் கிடங்கு.
மழைக்கு இன்னும் பத்தொன்பது நாள் என்கிறார்
மேலாளர் ஊ பா சின்,
மழை அவரிடம் சொல்லிக்கொண்டு வருவதுபோல.

கதவு ஒரு வீதி அகலம்.
தள்ள எட்டு ஆள் வேண்டும்.
யாரோ பாதியில் விட்டுப் போக
இரண்டு முழம் திறந்தபடியே துருவேறிவிட்டது.
மூட்டைக்காரர்கள் அதில் ஒருக்களித்து நுழைகிறார்கள்.
விமானம் நின்ற இடத்தில் தரை இன்னும் எண்ணெய் கக்குகிறது.
அந்த மூலை நெல்லை ஊரில் எவனும் தொடமாட்டான்;
அது பட்டாளத்துக்குப் போகிறது.

எண்ணுவது என் பெண்டாட்டி ஞானசுந்தரி.
வெளிச்சம் விழும் இடமெல்லாம்
தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம்.
பத்து மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
நான் ஒரு சுருட்டு முடித்து வருவதற்குள்
சூரியன் நகர்ந்துவிட்டது.
வட்டங்கள் எல்லாம் காலி,
பக்கத்தில் புதிதாக இன்னோர் இருநூற்றுப் பன்னிரண்டு.
"ரெண்டையும் கூட்டிச் சொல்லட்டா?" என்றாள்
சிரிக்காமல்.

மேலே தகரம் தோசைக்கல்.
உள்ளங்கையால் தடவித்தான் தார் வைக்க வேண்டும்.
வானத்திலிருந்து வந்த குண்டென்றால்
விளிம்பு உள்ளே மடிந்திருக்கும்,
கை வழுக்கிப் போகும்.
பதினேழு மட்டும் கையைக் கிழித்தன.
உள்ளே நின்று எவனோ மேல்நோக்கிச் சுட்டிருக்கிறான்,
விமானம் கண்ணுக்குத் தெரியாமல்,
சத்தத்தைக் குறிவைத்து.
கிழக்குக் கதவிலிருந்து நடுக் கொட்டகை வரை
ஓடிக்கொண்டே சுட்டதுபோல் பதினேழும் ஒரே வரிசை.
அப்புறம் இல்லை.

நாலாம் நாள்
உத்தரத்தின் மேல்முகத்தில் எலிப் புழுக்கையைத் துடைத்தேன்.
கீழே எழுத்து.
தார்க் குச்சியால் கிறுக்கிய தமிழ்:

*மேற்படி கூரை வேலை செய்தது
சி. மருதைமுத்து
வ. பிச்சாண்டி
நொண்டி அப்பாவு
கூலி பாக்கி ஆளுக்கு ரூ. 4 அணா 10
வெள்ளிக்கிழமை தருவதாகத் துரை சொன்னது*

வருஷம் போடவில்லை.
எந்த வெள்ளிக்கிழமை என்றும் இல்லை.
நாற்பத்திரண்டில் தாமு வழியாக நடந்த கூட்டத்தில்
இவர்களும் போனார்களோ,
வெள்ளிக்கிழமைக்காக நின்றுவிட்டார்களோ.
சத்தம் போட்டுப் படித்தேன்.
கொட்டகை ஒவ்வொரு பெயரையும்
இரண்டு தடவை திருப்பிச் சொன்னது.
அப்பாவுவை மட்டும் மூன்று தடவை.

கீழேயிருந்து அவள் குரல்:
"பதிமூணு ரூபாய் பதினாலு அணா."

சீட்டில் அதையும் எழுதிவிட்டாள்.
ஓட்டை இருநூற்றுப் பன்னிரண்டு,
அதன் கீழே, பழைய பாக்கி.
ஊ பா சின் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார்.
அணா செல்லாமல் போய் எத்தனை வருஷம் என்றார்.
பிறகு நியாயமான மனிதர்போல் கேட்டார்,
"அந்த இடத்தில் வெளிச்சம் விழுகிறதா?"
இல்லை என்றேன்.
"அப்படியானால் அது ஓட்டை இல்லை."
நீல மசியில் ஒரு கோடு,
கணக்குப்பிள்ளைக் கை, நேராக விழுந்தது.

இருநூறு ரூபாயை எச்சில் தொட்டு
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
மீதிப் பன்னிரண்டு
வெள்ளிக்கிழமை என்றார்.

தார் டப்பாவில் அடி வண்டல் கொஞ்சம் கிடக்கிறது.
ஏணியை
நான் இன்னும் இறக்கவில்லை.