மூன்று முறுக்கு

கேள்விக்குறியோடு வந்தது சீட்டு:
குடல்வால்?
சாயல்குடியில் ஒரு ஊசி போட்டு
ராமநாதபுரத்துக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.
மூக்கையூரிலிருந்து ஆம்புலன்சில்
ஒருக்களித்தே வந்தவள் ரோஸ்வின்,
பதின்மூன்று வயது,
கால் நகங்களுக்குள் இன்னும் கடல்மணல்.

நேற்று மத்தியானம் கணக்கு வகுப்பில் பிடித்த வலி.
டீச்சர் சோடா வாங்கிக் கொடுத்தார்.
பக்கத்து வீட்டில் சூடு என்றார்கள்,
தொப்புளில் விளக்கெண்ணெய்.
கோயிலடியில் வேறொன்று சொன்னார்களாம்.
அது என்னவென்று அம்மா சொல்லவில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான்
அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.
கேட்டேன்.
இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு
'நான் தப்பா ஒண்ணும் பண்ணலை டாக்டர்' என்றாள்.
எங்கே வலிக்கிறது என்பதை
அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

இரவு ஒன்றேகால்.
ஸ்கேன் பார்ப்பவர் பரமக்குடியில்.
வாந்தி நிற்கவில்லை.

திறந்தபோது குடல்வால்
வெளிறி, மெலிந்து,
ஒரு பாவமும் அறியாமல் கிடந்தது.
கீழே, கருப்பைக்குப் பின்னால்,
நாவல்பழ நிறத்தில் வீங்கி
வலது சினைப்பை.
தன் தண்டிலேயே மூன்று முறுக்கு.

விரலால் திருப்பினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது கொஞ்சம் முரண்டியது.
வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் மூடிவிட்டுக்
காத்திருந்தோம்.
மயக்கமருந்து கொடுத்த பர்வீன்
கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
எடுத்துவிடலாம் என்று சொல்லப்போகிறாள் என
நானாகவே நினைத்துக்கொண்டேன்.
ஜெனரேட்டர் ஒருமுறை விக்கி ஓடியது.
பத்து நிமிடம் கழித்து
ஓரத்தில்
நூலளவு சிவப்பு.

அது போதுமா, தெரியாது.
உள்ளேயே விட்டுத் தைத்தேன்.

வராந்தாவில் இன்னாசி,
மடித்துக் கட்டிய லுங்கியில் டீசல் வாடை.
'நங்கூரக் கயிறு அப்பிடி முறுக்குனா
நாங்க அறுத்து விட்டுருவோம்.'
நான் அறுக்கலை என்றேன்.
தலையாட்டினார்,
புரிந்ததா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

சவேரியம்மாள் என்னைத் தனியே அழைத்தாள்.
'சீட்டுல குடல்வாலுன்னே எழுதிருங்க.
நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவுக...'
முடிக்கவில்லை.

உள்ளதைத்தான் எழுதினேன்,
அவர்கள் தெருவில் யாராலும் படிக்க முடியாத
இங்கிலீஷ் கையெழுத்தில்.
அது நேர்மையா, தந்திரமா என்று
இன்றுவரை நான் யோசிக்காமல் இல்லை.

மூன்றாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டே
'எதுல வலிச்சது?' என்று கேட்டாள் ரோஸ்வின்.
மாத்திரைக் கவரின் பின்பக்கம்
பேனாவால் வரைந்து பெயரும் சொன்னேன்.

'சினையா? அது மீனுக்குத்தான இருக்கும்!'
தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
சிரித்தாள்,
வலிக்க வலிக்க.