நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பென்சில்

ஃபவுண்டன் நடைபாதையில்
ஒரே சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தன இரண்டும்.
பிரித்துத் தரமாட்டேன் என்றார் ரஷீத் பாய்.
நூற்றிருபது ரூபாய்.

ஒன்றில் கொலை.
சுல்தானின் ஓவியக்கூடம், விடியுமுன்
பச்சை அரைத்த கல்வத்தருகே கவிழ்ந்து கிடக்கிறான்
மயில் மட்டுமே வரைகிறவன்.
மற்றது, படம் பார்க்கத் தெரியாத
என் போன்றோர்க்கு:
முகத்தை விடு,
வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பார்.

தாணே ஸ்லோ, பெண்கள் பெட்டி.
மஸ்ஜித் தாண்டுமுன்
ஆங்கிலப் பக்கத்தின் ஓரத்தில் தமிழில்
யாரோ பென்சிலால்
'இவனேதான்!'
அம்புக்குறி, அரண்மனைக் கணக்கனுக்கு நேராக.

பாவி மனுஷன்.
மூன்று நாள் கணக்கனை முறைத்தபடியே படித்தேன்.
அவன் தண்ணீர் குடித்தாலும் சந்தேகம்.
காஞ்சூர்மார்கில் இறங்க வேண்டியவள்
பாண்டுப்பில் நிமிர்ந்தேன்.

கணக்கன் இல்லை.
தூரிகைக்கு அணில்மயிர் கொண்டுவருகிறவன்,
எப்போதும் வாசலில் நின்றவன்.
முதல் அத்தியாயத்திலேயே
மயிலின் கழுத்தில் அவன் நிழல் விழுந்திருக்கிறது.

திருப்பிப் பார்த்தேன்.
தொண்ணூறுக்குப் பிறகு பென்சில் இல்லை,
ஒரு பழைய பெஸ்ட் பஸ் டிக்கெட் மட்டும்.
அந்த மனுஷனுக்கு
இன்றுவரை கணக்கன்தான் கொலைகாரன்.

மகளுக்கு வாங்கிய ரப்பரை நீட்டினாள்
பக்கத்து இருக்கை ஊர்மிளா.

மற்ற புத்தகத்தில் ஒரு படம்:
மடியில் கிடக்கிற கைக்கு அடியில்
முதலில் வரைந்த கை,
உயர்ந்தபடி,
சாயம் மெலிந்த இடத்தில் தெரிகிறது.

ரப்பரைத் திருப்பிக் கொடுத்தேன்.
கீழே பதில் எழுதலாமா என்றால்
பேனா பைக்குள்ளே எங்கோ.
விக்ரோலி போய்விட்டது,
கதவுப் பக்கம் நகர வேண்டும்.