நான்காவது பூட்டு

மூன்றாம் பேனலில் வேலை.
பதினோராயிரம் வோல்ட்.
இந்த எண்ணைச் சொல்லும்போது
வாய் கொஞ்சம் உலரும்,
இருபத்திரண்டு வருஷமாக.

முதலில் கழற்ற வேண்டியது நம்மிடமிருந்து:
மோதிரம், கைக்கடிகாரம், செம்புக் காப்பு,
மாரியம்மன் தாயத்து.
ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி
காற்றை உள்ளே அடைத்துக்
காதருகே வைத்து அழுத்துகிறேன்.
சீறினால் தூக்கிப் போட வேண்டும்.
சீறவில்லை.

பிரேக்கரை விழவைத்தாச்சு.
தண்டவாளத்தில் வெளியே இழுத்தாச்சு.
ஆனாலும் அதன் வயிற்றில்
முறுக்கிய ஸ்பிரிங் விழித்திருக்கும்,
மின்சாரம் இல்லாமலே ஒரு விரல் கேட்கும்.
அதையும் அவிழ்த்துவிட்டேன்.
கெப்பாசிட்டர்கள் நிறுத்திய பிறகும்
கோபம் வைத்திருப்பவை.
ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் நின்றோம்.

டெஸ்டர் உயிருள்ள பேனலில் கத்த வேண்டும்.
இங்கே வந்தால் ஊமையாக வேண்டும்.
மறுபடி அங்கே போய்க் கத்த வேண்டும்.
நடுவில் அதன் பேட்டரியே செத்திருந்தால்
அந்த ஊமைக்கு என்ன மதிப்பு?

பிறகு எர்த் கம்பி, மண் பக்கம் முதலில்.
கிளாம்பில் பச்சை பிடித்திருந்தது.
கடலூர் சிப்காட்டில் இரும்புக்கும் செம்புக்கும் இரண்டு எதிரி:
கீழைக்காற்று கொண்டுவரும் உப்பு ஒன்று,
நாங்கள் காய்ச்சி விடுவது ஒன்று.

பூட்டைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்.
அது டெஸ்டருக்கும் முந்தியே மாட்டியது:
ஆறு துளைத் தகடு,
ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு,
அவரவர் சாவி அவரவர் பையில்.

கவரைத் திறக்கப் போகையில்
நூருன்னிஸா மேடம் பூட்டை எண்ணினார். மூன்று.
ஆளை எண்ணினார். நான்கு.
பர்மிட் தாளை என் முன்னால் நீட்டினார்.
என் கையெழுத்தேதான்.
மூன்று பெயர்,
அதன் கீழே, ‘மற்றும் ஒருவர்’.

குடிகாட்டிலிருந்து சைக்கிளில் வருகிறவர்.
தெய்வசிகாமணி.
காண்ட்ராக்ட் ஆளுக்குப் பூட்டு கிடையாது
என்று ஸ்டோரில் சொன்னதை
நான் அப்படியே கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் சோற்றுப்பைக்குள் கைவிட்டு
பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்தார்.
“போன வாரமே பாத்தேன் சார்.
எல்லாருக்கும் தொங்குது. எனக்கு மட்டும் ஓட்டை.”

வீட்டுப் பூட்டு.

“சாவி எத்தனை?” என்றார் மேடம்.
“ரெண்டு. ஒண்ணு அவகிட்ட இருக்கு.
முதுநகர் துறைமுகத்துல மீன் அறுக்கறா.”
வேறொருவர் கையில் சாவியிருக்கும் பூட்டு
விதிப்படி பூட்டே இல்லை.
மேடம் வாய் திறக்குமுன்னே
அவர் சைக்கிளை எடுத்துவிட்டார்.

உற்பத்தியிலிருந்து போன்.
இன்னும் தொடங்கலையா?
ரியாக்டர் ஆறிக்கொண்டிருக்கிறதாம்.
“ஒரு சாவி வரணும்,” என்றார் மேடம்.
என்ன சாவி?
“வரணும்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.
அடுத்த மணிக்கு அவர் எடுக்கவில்லை.
அதற்கடுத்ததற்கு நானும் எடுக்கவில்லை.

ஐம்பது நிமிஷம்.
சட்டை முதுகோடு ஒட்டியபடி வந்தார்.
இரண்டாவது சாவியில் ஒரு மீன் செதில்.
துடைக்காமல் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு
நான்காவது துளையில் பித்தளையை மாட்டி
ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

‘மற்றும் ஒருவர்’ என்பதை அடித்துவிட்டுப்
பெயரை எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை,
ணி மட்டும் வெளியே ஓரத்தில் நின்றது.

“வீடு?” என்றேன்.
“தெறந்துதான் கெடக்கு. நாயி இருக்கு.”

பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்குக்
கை நீட்டினேன்.
நான் கேட்குமுன் அவர் அதைப்
பிடி என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.