ஆயிரம் ஹெர்ட்ஸ், வேலந்தாவளம்

ஐந்தே முக்காலுக்கு மாப்பிள்ளையின் நுழைவுப் பாட்டு
பின்னோக்கி ஓடிற்று.
பல்லவி தன் வயிற்றுக்குள் இறங்கியது.
நாதஸ்வரம் ஊதிய மூச்சையெல்லாம்
திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது.
நாற்காலி போட்ட பையன்கள் கைதட்டினார்கள்,
புது மாதிரி என்று.

ஷினோஜ் லேப்டாப்பை முறைத்தான்.
நான் செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்வி
மேசைக்குப் பின்னால் மண்டியிட்டேன்.

இந்தத் தட்டில் பாட்டு கிடையாது.
கறுப்பு வட்டம் முழுக்க ஒரே கீச்சொலி,
விநாடிக்கு ஆயிரம் தரம்.
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று பிந்தி வரும்.
எது முந்துகிறது என்று பார்த்துத்தான்
மென்பொருளுக்குத் திசை தெரியும்.
சிவப்பு வயர் வெள்ளையின் இடத்திலும்
வெள்ளை சிவப்பின் இடத்திலும் உட்கார்ந்தால்
பாட்டு நேற்றைக்கு நடக்கும்.

மாற்றிச் செருகியது நான்தான்.
ஷினோஜிடம் சொல்லவில்லை.

அடுத்தது வட்டம்.
திரையில் பச்சையாக, ஆப்பம் போல
உருண்டு நிற்கவேண்டும்.
வந்ததோ கோழிமுட்டை.
ஊசி முனையில் மேடை அலங்காரத்தின் ஜிகினா,
ஊதினேன், பறந்தது.
முட்டை ஆப்பமாயிற்று.
நிமிர்வதற்குள் ஆப்பம்
ஒற்றைக் கோடாயிற்று.
கோடென்றால் ஒரு காது போச்சு.

ஊசித்தலையைக் கழற்றினால் நாலு மயிரிழை வயர்கள்:
வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை.
பச்சையின் வாய் தளர்ந்து
தொட்டும் தொடாமலும் தொங்கியது.

"சிடிக்கு மாறிடலாம்" என்றான் ஷினோஜ்.
மாறினோம்.
திரை கொதிக்கும் ரசம் போலக் கலங்கியது.
அந்த சிடியை எரித்தவன் எங்கள் ஜோபின்,
இடம் மிச்சமாகுமென்று
கோப்பை எம்.பி.3 ஆக்கி எரித்திருக்கிறான்.
பாட்டென்றால் கொஞ்சம் நசுக்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.
இது பாட்டில்லையடா.
இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே இருந்த
அந்தக் கால் சுற்றைத்தான்
நீ மிச்சம் பிடித்துவிட்டாய்.

மணி ஆறே கால்.
கொழிஞ்சாம்பாறை வேன் வாசலில் நின்றது.
மணமகள் அறைக் கதவைத் தட்டினேன்.
"புருவம் புடுங்குற இடுக்கி இருக்குங்களா?"
பாதி மை தீட்டிய ஷாகிதா
ஒரு கண்ணால் என்னைப் பார்த்து,
ஏன் எதற்கென்று கேட்காமல்
எடுத்துக் கொடுத்தாள்.
பச்சையின் வாயை ஒரு நெரி நெரித்தேன்.
கோடு விரிந்து உருண்டது.

இனி உறுமல்.
எல்லாப் பெட்டிக்கும் அடியில்
யாரோ தொண்டை செருமாமல் இருப்பது போல,
ம்ம்ம்ம் என்று, நிற்காமல்.
எர்த் வயரை முறுக்கினேன், போகவில்லை.
இன்னும் முறுக்கினேன், விரல்தான் சிவந்தது.

அப்புறம் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
மண்டபத்துக் கரண்ட் கேரளத்தின் வாரியம்.
மிக்ஸரும் ஆம்ப்பும் அதில்.
லேப்டாப்பின் வயர் ஜன்னல் தாண்டி, மதில் தாண்டி,
குட்டியப்பன் பேக்கரியில் பஃப்ஸ் அடுக்கின் பின்னால்
செருகியிருந்தது.
பேக்கரி தமிழ்நாடு.

இரண்டு கம்பிகள் இரண்டு மண்ணில்.
அந்த மண்ணுக்கும் இந்த மண்ணுக்கும்
இருக்கிற துளி வித்தியாசத்தை
எந்த செக்போஸ்டும் கேட்டதில்லை.
என் ஊசி கேட்டது.

பாப்கார்ன் மெஷினைப் பிடுங்கினேன்,
அந்தத் துளையில் லேப்டாப்.
உறுமல் நின்றது.
அது நின்ற பிறகுதான் தெரிந்தது
மழை பெய்துகொண்டிருப்பது.
பாப்கார்ன்காரர் மலையாளத்தில் திட்டினார்,
பத்து ரூபாய் கரண்டுக் காசு கேட்டு
குட்டியப்பன் தமிழில் வந்தார்.

பாட்டு முன்னோக்கிப் போயிற்று,
நாதஸ்வரம் ஊதியது வெளியே வந்தது.
மாப்பிள்ளை வந்தார், பூ விழுந்தது,
எல்லாம் சரி.
பையன்கள் மட்டும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்:
"அக்கா, மொதல்ல போட்டீங்களே,
அது போடுங்க."

ஷினோஜ் என்னைப் பார்த்தான்.
தெரிந்திருக்கிறது அவனுக்கு.
இரண்டு விரலைத் தட்டின் மேல் வைத்து
மெதுவாகப்
பின்னே இழுத்தான்.