இணைக்கும் முன்

கெஜலட்சுமி,
திங்கள் முதல் இந்த நாற்காலி உனக்கு.
கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருப்பது பழைய பாஸ்வேர்ட்,
முதலாளி பார்த்துத் திருப்திப்பட.
உன்னுடையதை நீயே வைத்துக்கொள்.

நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு வீடுகள்,
சத்துவாச்சாரியில் தொடங்கி பாகாயம் வரை.
சாப்ட்வேர் அவர்களை வரிசைகள் என்கிறது.
நீ, தாகம் எடுக்கிற ஆட்கள் என்று வைத்துக்கொள்.

பெயரை நம்பாதே.
காட்பாடியில் மட்டும் பதினொரு கன்னியப்பன்.
நம்பரையும் பாதிதான் நம்பலாம்,
ரீசார்ஜ் தீர்ந்தால் மகன் சிம்மை மாற்றிவிடுவான்.
கதவு எண்ணோடு ஓர் அடையாளம் தட்டிவை:
வாட்டர் டேங்க் எதிர்ச்சந்து, பச்சை கேட், நாய் உண்டு.
நாய் முக்கியம்.
நான் எழுதாமல் விட்ட ஒரு குறிப்பின் பல்தடம்
தஸ்தகீரின் கெண்டைக்காலில் இருக்கிறது.

மாலை ஆறரைக்கு ஜெயசீலன் சார் வந்து
எல்லாப் புகாரையும் ‘முடிந்தது’ என்று மாற்றச் சொல்வார்,
ரிப்போர்ட் பச்சையாக இருக்க வேண்டும் அவருக்கு.
மாற்றாதே.
வீடு பூட்டியிருந்தால் பூட்டியிருந்தது.
தண்ணீர் இன்னும் கசக்கிறது என்றால்
கசக்கிறது என்றே தட்டு.
மே மாதம் போர் தண்ணீர் ஆயிரத்து நானூறைத் தொடும்போது
அந்த ஒரு சொல்தான் உன்னைக் காப்பாற்றும்.

இனி சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சில வரிசைகள் மஞ்சளில் மின்னும்.
ஒரே தெரு, ஒரே கதவு எண், இரண்டு நம்பர்.
இணைக்கவா என்று கேட்கும்.
போன மார்ச்சில் ஒரே பிற்பகலில்
நூற்றுப் பதினான்கு பேரை இணைத்தேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.
அதில் கோதண்டபாணி, அதில் புனிதவதி,
பேஸ் டூ, பதினாறாவது குறுக்குத் தெரு.
அவர் நம்பர் மிஞ்சியது, அந்தம்மா பெயர் மிஞ்சியது.

‘அன்புள்ள புனிதவதி, உங்கள் பில்டர் மாற்றும் நாள்’
என்று கோதண்டபாணிக்குப் போயிற்று.

கீழ்வீட்டில் அவர். மாடியில் அந்தம்மா.
ஒன்பது வருடமாக
ஒரு படிக்கட்டு, இரண்டு மீட்டர், இரண்டு மெஷின்.
பேச்சு கிடையாது.
தஸ்தகீருக்கு இது தெரியும்.
அவன் மண்டையில் இருந்தது, கட்டத்தில் இல்லை.

அந்தம்மா போனில் கத்தவில்லை.
“என் பேரை அவருக்கு ஏம்மா அனுப்புன?”
அவ்வளவுதான்.

பிரிக்கிற பட்டனைத் தேடினேன்.
பெங்களூர் சப்போர்ட்டில் ஒரு பையன்,
“சேர்க்க மட்டும்தான் மேடம் வசதி,
பிரிக்கணும்னா புது கஸ்டமரா போடுங்க” என்றான்.

போட்டேன்.
பழைய பில் புத்தகங்களை விரித்து
மெம்பரேன் யாருக்கு, கார்பன் யாருக்கு என்று
இரவு ஒன்பது வரை பங்கு பிரித்தேன்,
குடும்பக் கோர்ட் குமாஸ்தா போல.
ஒரு வாஷர், பன்னிரண்டு ரூபாய்,
யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.
இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன்.
கணக்கில் பன்னிரண்டு ரூபாய் இடிக்கும், தேடாதே.

ஆகவே, மஞ்சள் மின்னினால் முதலில் போன் செய்.
இரண்டு நம்பருக்கும்.

இன்னொன்று.
அவர்கள் குறிப்பில் ‘ஒரே நாளில் போகவும், முதலில் மாடி’
என்று இருக்கும். அழித்துவிடாதே.
கீழே வேலை முடிந்து பையை மூடும்போது
கோதண்டபாணி கேட்பாராம்,
மேலே ரீடிங் எவ்வளவு என்று.
நாற்பத்தைந்து சார், என்பான் தஸ்தகீர்.
அவர் தலையாட்டிவிட்டுக் காசை எண்ணுவார்.
இதற்கு சாப்ட்வேரில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை பேக்கப் எடு.
பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது,
சாரிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று.