வாலே வாசல்

புராவோவுக்குத் தெற்கே, தார் முடிகிற இடம்.
என் லாரியின் நிழல் தவிர வேறு நிழலில்லை.
அதிலும் பாதி எஞ்சின் சூடு.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அது.
மண்ணின் நிறம், மண்ணைவிடக் கொஞ்சம் தயக்கம்.
வாலை மட்டும் யாரோ அவசரத்தில்
வேறு உடம்புக்குச் செய்ததை ஒட்டிவிட்டார்கள்:
வட்டமாய், தட்டையாய், முள்முள்ளாய்,
நுனியில் தேய்ந்த பென்சிலாய் ஒரு கூர்.

காலையில் கல்மேல் ஏறி வெயில் குடிக்கும்.
சூடேற ஏற ஆணின் தொண்டையில்
நீலம் கசியும்.
பதினாலு மாதமாய் மழை பார்க்காத பூமியில்
இந்த நீலம் எங்கே கிடைத்ததென்று
விசாரிக்க ஆளில்லை.
எறும்பு, வண்டு, அகப்பட்டால் ஒரு மஞ்சள் பூ.
தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

தலைக்கு ஐந்து டாலர் என்றான் ஹர்கெய்சாக்காரன்.
கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க எங்கோ ஆளிருக்கிறதாம்.
துளை போட்ட டப்பாக்கள் நாற்பது
என் லாரியில், தீவன மூட்டைக்கு அடியில்.

டீக்கடை எப்லாவின் மகன் சமதர் வளைக்குள் விரலை விட்டான்.
"கல்தான் இருக்கு" என்றான்.
கல்லில்லை.
தலை உள்ளே, வால் வெளியே.
வந்த வழியைத் தன்னாலேயே அடைத்து,
உடம்பை உப்பிக்கொண்டு
இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.
கதவும் தாழ்ப்பாளும் வீட்டுக்காரனும்
ஒரே ஆள்.

அம்மாவின் அடுப்புக் கம்பியால் நெம்பினான்.
வளை கொடுக்கவில்லை.
விரலில்தான் ரத்தம்.

எப்லா கேத்தலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.
அவள் கடைக்கும் கதவு கிடையாது,
அரிசிச் சாக்குத் திரைதான்.
ராத்திரி அதன் குறுக்கே படுப்பாள்:
முகம் பிள்ளைகள் பக்கம்,
முதுகு ரோட்டுப் பக்கம்.
எத்தனை ராத்திரி அந்த முதுகைப் பார்த்து
டீக்கு ஹாரன் அடித்திருக்கிறேன்.

வளைக்கு எதிரே குந்தி வெகுநேரம் பார்த்தாள்.
"கம்பியைக் குடு, கரி கிளறணும்"
என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.
அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

வேறு பையன்கள் பதினொன்று பிடித்துத் தந்தார்கள்.
அன்றிரவு அவள் கடையைத் தாண்டும்போது
ஹாரன் அடிக்கவில்லை நான்.
நல்லவனாகிவிட்டேன் என்றில்லை;
கை போகவில்லை, அவ்வளவுதான்.

பெர்பெரா சோதனைச்சாவடி.
டார்ச் அடித்து ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன்.
மூலையில் முகத்தைப் புதைத்து
வாலால் அடைத்துக்கொண்டிருந்தது,
மூச்சு விடட்டும் என்று
நாங்கள் போட்ட துளையை.