ஜூன் மாதத்துக்கான முத்திரை

காலை ஐந்தே முக்காலுக்குக் கேட் திறப்பேன்.
இரண்டு மாடி, தகரக் கூரை, பதினான்கு மின்விசிறி,
அதில் ஒன்பது சுற்றும்.
பலகையில் 'உயர்தரத்துக்கான தனியார் கல்லூரி' என்றிருக்கும்.
மட்டக்களப்பு முழுக்க அதற்கு
பேர்டினன்ட் சேரின் கொட்டில் என்றுதான் பெயர்.

என் வேலை அட்டை பார்ப்பது.
உயிரியலுக்குப் பச்சை, கணிதத்துக்கு மஞ்சள்.
பத்தாம் திகதிக்குள் காசு,
காசுக்கு முத்திரை,
முத்திரைக்கு வாங்கு.

கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வருவார்கள்.
காத்தான்குடி வேன் வந்து நின்றால்
அபாயாக்களுக்கு நடுவே அத்தர் வாசம் இறங்கும்.
படுவான்கரைப் பிள்ளைகளுக்கு எப்போதும் பிந்தும்.
ஒளித்தொகுப்பில் பாதியைக் காணாமலே
பச்சை அட்டையோடு வந்து உட்காருவார்கள்.

நிதுர்ஷிகா அப்படி ஒருத்தி,
வவுணதீவுக்கும் அங்கால்.
மே வரை காசு ஒழுங்கு.
ஜூனில் அட்டையை நீட்டவில்லை.
நெஞ்சோடு அணைத்த பைலுக்குள் அது கிடக்கிற மாதிரி
ஒரு நடை நடந்தாள்.
அந்த நடை எனக்குத் தெரியும்.
எட்டு வருடத்துக்கு முன் இதே கேட்டால்
நானும் நடந்தேன்.
அப்போதிருந்தவர் கூப்பிட்டார்.

"புள்ள, இஞ்ச வா."
நானும் கூப்பிட்டேன், அதை மறைக்க மாட்டேன்.
வந்தாள். முகம் பார்க்கவில்லை.
மேசையிலிருந்த பெயர்ப் பட்டியலைத் தலைகீழாக வாசித்தாள்.
"வேளாண்ம வெட்டினாப் பிறகு தாறன் அக்கா."
அந்தப் பக்கம் யானை இறங்கியது
முதல்நாள் பேப்பரில் கிடந்தது.
மை ஒற்றி அடித்தேன்.
ஊதா நிறத்தில் ஜூன்.
மறுகா ஜூலை, ஓகஸ்ட்.
கணக்குப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.
இதை இரக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
அன்றைக்கு எனக்குப் பல்வலி,
வரிசையும் நீளம்.

என் வெட்டுப்புள்ளியைக் கேட்காதீர்கள்.
மூன்றாம் தசமத்தில் நின்றுவிட்டது.
நிறையப் பேர் நிற்கிற இடம் அது,
நெரிசல்.

பெறுபேறு நள்ளிரவில் வந்தது.
மாவட்டத்தில் இரண்டாவது அவள்.
விடிந்ததும் சேர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.
"இது மே மாதத்தோட நிண்ட புள்ளையெல்லோ?"
எனக்கு வாய் காய்ந்தது.
அதற்குள் ஊறணியிலிருந்து சேதி:
அவள் தங்கள் மாணவி என்று அங்கே
பெனருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.
(ஒரு சனிக்கிழமை இலவசக் கருத்தரங்குக்குப் போயிருக்கிறாள்.
பணிசும் பிளேன்டீயும் கொடுத்தார்கள்.)
சேர் விசிறியைப் பார்த்தார்,
சுற்றாத ஒன்றை.
"நம்மட பெனர் பெருசா இருக்கோணும்."
நிலுவை பற்றிய பேச்சு அதோடு போயிற்று.

படம் அவளிடம் இல்லை.
ஆசிரியர் தினத்தன்று கேட்டடியில் யாரோ எடுத்த
கூட்டப் படமொன்றைத் தேடிப் பிடித்து
அச்சகத்து நுஸ்கியிடம் கொடுத்தேன்.
கேக் துண்டை அழித்தான்,
பின்னால் நின்ற ஓட்டோவை அழித்தான்,
தோளில் கிடந்த என் கையையும் அழித்தான்.
ஒரு விரல் நுனி மட்டும் தப்பிவிட்டது.

கோட்டைமுனைச் சந்தியில் இப்போது
பதினாறு அடி உயரத்தில் நிற்கிறாள்.
தோளில் ஊதாவாய் ஒரு புள்ளி.
அச்சுப் பிழை, மன்னிச்சுக்கங்க என்றான் நுஸ்கி,
அடுத்த முறை விலை குறைப்பானாம்.

போன கிழமை மழைக்குள் வந்தாள், தாயோடு.
கடித உறைக்குள் மூன்று மாதக் காசு,
நோட்டெல்லாம் ஈரம்.
"இதுக்கு ரசீது எழுத ஏலாது புள்ள" என்றேன்.
தாய்க்கு விளங்கவில்லை.
தவணை பிந்தினதுக்குக் கோபமாக்கும் என்று நினைத்து
மன்னிப்புக் கேட்டாள்.
அவள் கேட்கவில்லை.
இந்த முறை என் முகத்தைத்தான் பார்த்தாள்.
உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

லாச்சிக்குள் கிடக்கிறது.
சேரிடம் கொடுத்தால் ஜூனைக் கேட்பார்.
நானே வைத்துக்கொண்டால்
அதற்கு வேறு பெயர்.
நோட்டுகள் காய்ந்துவிட்டன,
உறைதான் இன்னும் லேசாய்ச் சேற்று மணம்.